டிரம்ஸ் இல்லாத பாட்டு

ஆக்ரன் நகரத்து டயர் ஆலையில் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து ஒரு ப்ளூஸ் இசைக்குழு வைத்திருந்தார்கள். வர்ஜில் கிடார் வாசித்துப் பாடுவான். லமார் பேஸ் கிடார், ஓடெல் டிரம்ஸ். கடைசிக் கச்சேரிக்கு ஓடெல் வரவில்லை. ஆலையில் ஓவர்டைம் கிடைத்ததென்று போய்விட்டான். மேடையில் வர்ஜில் அவனுக்காக வெகுநேரம் காத்திருந்தான். அடுத்த வாரமே வர்ஜில் மாரடைப்பில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை லமார் ஓடெலின் வீட்டுக்கு வந்தான். இருவரும் தங்கள் பழைய இசைத்தட்டை ஓடவிட்டார்கள். கிடார் வந்தது, பேஸ் வந்தது. டிரம்ஸ் வரவில்லை.

“டேய், இதுல நீ வாசிச்சியா இல்லையா?” என்றான் லமார்.

“வாசிச்சேன்டா. கை கிழிஞ்சு ரத்தம் வந்து, நீதானே துணி கட்டிவிட்டே?”

கிடார் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தது. பாட்டு தொடங்கவில்லை. பிறகு வர்ஜிலின் குரல் கேட்டது.

“கொஞ்சம் பொறுங்கப்பா. ஓடெல் வந்துருவான்.”

இசைத்தட்டில் ஒரு கூட்டம் சிரித்தது. அந்தத் தட்டைப் பதிவுசெய்த அறையில் அன்று இவர்கள் மூவரைத் தவிர யாருமே இல்லை.

மீன் பொரித்துக்கொண்டிருந்த ஓடெலின் மனைவி எர்னஸ்டின் எட்டிப் பார்த்தாள். “ஏங்க, வர்ஜில் அண்ணன் குரல் மாதிரி இருக்கே?”

ஓடெல் சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு கரண்டிகளை எடுத்தான்.

“வந்துட்டேன்டா” என்று சொல்லி, மேசை விளிம்பில் தட்ட ஆரம்பித்தான். தாளம் கொஞ்சம் பிசகியது.

வர்ஜில் பாடத் தொடங்கினான்.