வீடா, சலூனா?

"இது வீடா, சலூனா?" என்றார் அண்ணன், வாசலைத் தாண்டியதுமே.

எதிரே ஆளுயரக் கண்ணாடி. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒன்று. அடுப்புக்கு மேலே ஒன்று. இன்னும் நான்கு பிரிக்காமல் இருப்பதை நான் சொல்லவில்லை. மனுஷர் ஒரே நாளில் எவ்வளவைத்தான் தாங்குவார்?

யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு. உயர உயரமான ஜன்னல்கள், கூரையில் சுண்ணாம்புப் பூக்கள், ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர்கள். அப்பா என் பேருக்குத்தான் எழுதிவைத்தார்.

ஆனால் அடுத்த மாதம் அண்ணனுடைய சம்பந்தி வீட்டார் இங்கே வந்து தங்கப்போகிறார்கள். அவர்களிடம் பெருமையடிக்க, சந்தன நிறச் சுவரும் வெள்ளைக் கதவுமாகப் பழைய வீடு பழைய மாதிரியே இருக்க வேண்டுமாம்.

நான் கூடம் முழுக்க மயில்கழுத்து நிறம் அடித்திருந்தேன்.

போதாததற்கு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரில் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அதைப் போட மேஸ்திரிக்கு நாலு நாள் பிடித்தது. பிரெஞ்சுக்காரன் எதைக் கலந்து பூசினானோ, இரும்பாக இருந்தது.

மேஸ்திரி முதல் நாள் மட்டும், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து எது பேசுவதானாலும் வேலையை நிறுத்திவிட்டு என் எதிரே வந்து நின்றுதான் பேசுவார். நல்ல மனுஷர்.

அண்ணன் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அடுப்போரம் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரியின் தோளில் கைபோட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இந்த ஓட்டைய நாளைக்கே அடைச்சிடுங்க. கண்ணாடி எல்லாத்தையும் கழட்டிடுங்க. அவகிட்ட நான் அப்புறமா சொல்லிக்கறேன்."

மேஸ்திரி சங்கடமாக என்னைப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதை என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்கண்ணா. என் வீட்டுச் சுவர்ல ஒரு செங்கல் வைக்கணும்னாலும் என்னைத்தான் கேக்கணும்!"

அண்ணன் தேள் கொட்டியதுபோலத் திரும்பினார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிறலை நான் பார்த்ததே இல்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காய்ச்சலில் என் இரண்டு காதும் போன இந்த மூன்று வருஷமாக, எனக்குத் தெரியக் கூடாததையெல்லாம் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் பேசிவந்தார். இன்று அடுப்புக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் உதடு அசைந்தது ஒரு சொல் விடாமல் தெரிந்தது.

நான் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று, கூடத்து ஜன்னலில் எட்டிப்பார்ப்பது சுவர் ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்தது.

நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.