சின்னக் கரண்டி

செவ்வாய், மார்ச் 11.

இன்று ஒரு தவறு செய்தேன். மிச்சச் சோற்றை நிறுக்கும்போது வாளியின் எடையைக் கழிக்க மறந்துவிட்டேன். பிறகு கழித்துப் பார்த்தேன். அப்படியும் எடை கூடித்தான் இருந்தது. யாரோ என் ஆய்வைக் கெடுக்கிறார்கள் என்று அப்போது முடிவுகட்டினேன்.

பகலில் காலணித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறேன். மாலையில் உணவும் சுற்றுச்சூழலும் பற்றி ஒரு வகுப்பு. எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் வீணாகும் சாப்பாட்டைக் குறைத்துக் காட்டுவதுதான் என் ஆய்வு. போன பருவத்தில் நான் தேறவில்லை. இதுவும் கவிழ்ந்தால் படிப்புக்கு முழுக்கு என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

"பகல்ல செருப்பு, மத்தியானம் எச்சில் தட்டு. நல்லா படிக்கிறடி" என்று அண்ணன் வேறு குத்திக்காட்டுகிறான்.

வகுப்பு வாத்தியாருக்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. தலைப்பைச் சொன்ன அன்றே, "அந்த கேன்டீன் வேண்டாமே, வேற இடம் பாரேம்மா" என்றார். உன்னால் முடியாது என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. பரிமாறும் பெரிய கரண்டியை எடுத்து வைத்துவிட்டுச் சின்னதைக் கொடுத்தேன். பசித்தவர்கள் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். தட்டில் மிஞ்சுவது பாதியாகி, அதிலும் பாதியானது. கணக்கைக் கொண்டுபோய் வாத்தியாரிடம் காட்டினேன். பாராட்டுவார் என்று பார்த்தால் அவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"இவ்வளவா குறைஞ்சிருக்கு? சரியாப் பார்த்தியாம்மா?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்டினேன். தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

மறுநாளிலிருந்து வாளி கனக்க ஆரம்பித்தது.

முதலில் தராசைச் சந்தேகித்தேன். எடை தெரிந்த ஒரு காலணிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். தராசு யோக்கியம்தான். சாப்பிடுகிறவர்கள்மேலும் குற்றம் இல்லை. தையல் பிரிவு அண்ணன் ஒருவர் தட்டை நீட்டி, "இதையும் நிறுத்துப் பாரு தங்கச்சி. நான் வழிச்ச வழியில தட்டே தேஞ்சிருக்கும்" என்றார். தட்டுகள் காலியாகத்தான் வருகின்றன. வாளி மட்டும் நிறைகிறது.

மிச்சம் இருப்பது சமையல்கார அக்கா. கரண்டியை மாற்றியதில் அவருக்கு மனத்தாங்கல் இருக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் வரும் டீயும் அப்போதிலிருந்து வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. கேட்டால், "டீ அடுப்பு மக்கர் பண்ணுது. நான் என்ன, ஊதி ஊதியா சூடு பண்ண முடியும்?" என்று என்மேலேயே பாய்கிறார்.

அதனால் இன்று எல்லாரும் எழுந்து போனதும், தட்டு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பாத்திரத்திலிருந்து நல்ல சோறாகவே ஒரு பெரிய கரண்டி அள்ளி வாளிக்குள் போட்டார்.

"அக்கா!"

கரண்டி கீழே விழுந்து உருண்டது.

"ஐயையோ! எங்கேர்ந்துடி முளைச்ச?"

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? என்னை ஃபெயிலாக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"அடிப்போடி, உன்னைக் கெடுத்து எனக்கு என்ன வரப்போகுது? ஒரு சார் கெஞ்சிக் கேட்டாரு. தினம் ஒரு கரண்டி தொட்டியில போடுங்கன்னாரு. வாளி எப்படியும் தொட்டிக்குத்தானே போகுது? அதான் இதுலயே போட்டுட்டேன்."

"எந்தத் தொட்டி?"

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். அங்கே ஒரு பச்சைத் தொட்டி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கென்று நினைத்திருந்தேன். அக்கா அதன் மூடியைத் திறந்து சோற்றைக் கவிழ்த்தார். குப்பென்று ஒரு நாற்றம்.

"உள்ள கிடந்து ஊறினா காஸ் வருமாம். மிச்ச சோத்துலயே டீ போடலாம்னு அந்த சார் ஆராய்ச்சி பண்றாரு. அடுத்த வாரம் பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்க. பாவம், நீ கரண்டியை மாத்தினதுலேர்ந்து தொட்டி பட்டினி."

"அதை அவரு என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் சொன்னேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்ட கேக்குறதுன்னு நெளியுறாரு. நீயே பேசிக்கோ, அதோ இருக்காரு."

தொட்டியிலிருந்து ஒரு குழாய் பக்கத்துக் கொட்டகைக்குப் போனது. டீ அடுப்பின் முன்னால் ஒருவர் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். தீக்குச்சிமேல் தீக்குச்சியாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நீலமாக ஒரு சுடர் எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. அவர் அலுத்துப்போய்த் திரும்பினார்.

எங்கள் வகுப்பு வாத்தியார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு வழக்கமான பயம் வந்துவிட்டது. "சார், அந்தக் கணக்குல நான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்னு..."

அவர் எரியாத அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் கணக்குல ஒரு தப்பும் இல்லம்மா. அதனாலதான் என் அடுப்பு எரியல."

நாளைய வேலை: சந்தையில் கழித்துப் போடும் இலையும் காய்கறித் தோலும் ஒரு மூட்டை கேட்டு வாங்கித் தொட்டியில் போட வேண்டும். கரண்டி சின்னதாகவே இருக்கும்.