மூன்றாவது திருத்தம்

மொழிபெயர்ப்பை யார் செய்து கொடுத்தாலும் முதல் தடவை திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது ப்ராஜெக்ட் மேனேஜரின் கொள்கை. தட்டி வைக்காவிட்டால் இதுகள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம்.

"என்னம்மா எழுதியிருக்கீங்க? வரிக்கு வரி நொண்டுது. படிக்கவே சகிக்கல," என்று காலையிலேயே ஃபோனில் ஆரம்பித்தார்.

"எந்த வரின்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிடுவேன் சார்," என்றார் மொழிபெயர்த்த அம்மா.

"எல்லா வரியும்தான். பதினஞ்சு வருஷ அனுபவம்னு வெளிய சொல்லிக்காதீங்க."

மதியம் வந்த இரண்டாவது ஃபைலுக்கும் அதே அர்ச்சனை. மாலையில் மூன்றாவது வந்ததும் ஐயா மனம் இரங்கினார்.

"இப்பதான் இதுல உயிர் வந்திருக்கு. என்கிட்ட குட்டு வாங்கினாத்தான் உங்களுக்கெல்லாம் எழுதவே வருது."

சொன்ன கையோடு அதை அப்படியே, மொழிபெயர்ப்பைக் கேட்டிருந்த மருந்து கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். ஐந்தே நிமிடத்தில் அங்கிருந்து ஃபோன்.

"சார், ஃபைலைத் திறக்க பாஸ்வேர்டு கேக்குது. என்ன போடணும்?"

மேனேஜர் உடனே ஃபோனை எடுத்தார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, குரலில் தேனைக் குழைத்துக் கேட்டார்.

"காலையிலேர்ந்து மூணு தடவை படிச்சீங்களே சார்," என்றார் அந்த அம்மா நிதானமாக. "அப்ப என்ன போட்டுத் திறந்தீங்களோ, அதையே அவங்களுக்கும் சொல்லிடுங்க."