சோப்புக்கட்டி

அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில், கறுப்பரான ஒடெஸாவின் அப்பா வாக்காளராகப் பதியப் போன காலத்தில், அதிகாரி மேசைமேல் ஒரு சோப்புக்கட்டியை வைத்தான். "இதுல எத்தனை குமிழி வரும்னு சரியாச் சொல்லு, உன் பேரைச் சேர்த்துக்கிறேன்." அப்பா வீடு திரும்பிவிட்டார். பிற்பாடு சட்டம் மாறி ஓட்டும் போட்டார். ஆனால் சாகும்வரை கைகழுவும்போதெல்லாம் அவர் உதடுகள் எண்களை முணுமுணுக்கும். ஒடெஸா கேலி செய்வாள்.

இந்தத் தேர்தலில் காலையிலிருந்து வரிசையில் நின்று மேசைக்கு வந்தாள். அங்கிருந்த இளைஞன் கணினியைப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னான்: "போன தடவை நீங்க ஓட்டுப் போடலம்மா. அதனால பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்க."

"அன்னைக்குத்தான் அப்பாவை அடக்கம் பண்ணினோம்."

"மன்னிச்சிருங்கம்மா."

வீட்டுக்கு வந்தவள் வெகுநேரம் கைகழுவினாள்.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்றபடி கணவன் எட்டிப்பார்த்தான்.

நுரை வழியும் கையைத் தூக்கி, பேசாதே என்று சைகை காட்டினாள்.