ஈரக்கை

அவள் வாளித் தண்ணீருக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். முழங்கை வரைக்கும்.

சத்துணவுக்கூடத்து வாசலில் நின்ற தாய்மார்கள் ஓரடி பின்னால் போனார்கள்.

"இப்ப அரிக்கும்," என்றாள். "நின்னு பாருங்க. ஆரும் போயராதீங்க."

தெய்வானைதான் முன்னால் நின்றாள். பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளுக்குச் சொறி, ஆளை மாற்றுங்கள் என்று பெரிய டீச்சரிடம் சண்டை பிடித்தவள். தன் மகளை இந்தச் சோற்றைத் தொடவே விடாதவள்.

குறை சொல்ல முடியாது. பெற்றவளுக்குப் பயம் இருக்காதா?

ஆனால் கரண்டியைப் பிடுங்கிவிட்டால் சமைக்கிற இவள் வீட்டில் அடுப்பு எரியாது.

கத்தரிக்காய்தான் காரணம் என்றார்கள். விட்டாள். கருவாடு என்றார்கள். அதையும் விட்டாள். உப்புத் தண்ணீர், புதுச் சோப்பு, யார் கண்ணோ பட்டுவிட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டாள்.

அழுக்குத்தான் போல என்று அவளும் அரிக்க அரிக்கக் குளித்தாள். சமைக்க வருமுன் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவாள். வந்து நின்றதும் அரிப்பு பிடுங்கித் தின்னும். எல்லோர் கண்முன்னாலும் சொறிவாள்.

சுத்தமாக இருக்கப்போய் வந்த பேர்!

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தோலில் ஒன்றுமில்லை. உடம்பில் ரத்தம் அளவுக்கு மேல் ஊறுகிறது. அதனால்தான் தண்ணீர் பட்டதும் இந்த அரிப்பு. யாருக்கும் ஒட்டாது. அவ்வப்போது போய் ரத்தத்தை எடுத்துவிட்டு வர வேண்டும், உயிர் உள்ள மட்டும்.

வந்து சொன்னாள். ஒருத்தியும் நம்பவில்லை. ரத்தம் கூடினால் அரிக்குமாம், நல்லாத்தான் கதை விடுகிறாள் என்றார்கள்.

அதனால்தான் இந்த வாளி.

கைகளை வெளியே எடுத்தாள். முந்தானையால் ஒற்றினாள். வெயிலில் நீட்டினாள்.

வந்துவிட்டது.

கட்டெறும்புப் புற்றுக்குள் கையை விட்ட மாதிரி. மணிக்கட்டில் தொடங்கி மேலே மேலே ஏறியது.

நகங்களைக் காலையிலேயே ஒட்ட வெட்டியிருந்தாள். பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் கட்டியது.

சொறிந்தால் சிவக்கும். சிவந்தால் பார்த்தாயா என்பார்கள்.

மாட்டேன். செத்தாலும் சொறிய மாட்டேன்.

"தொட்டுப் பாரு, அம்மிணி."

தெய்வானை விரலை நீட்டினாள். இழுத்துக்கொண்டாள். பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். மறுபடி நீட்டினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெதுவாகத் தடவினாள். பழைய நகக்கீறல்கள் இருந்தன. கொப்புளம் இல்லை, தடிப்புகூட இல்லை. தோலுக்கடியில் சதை நடுங்கிக்கொண்டிருந்தது.

"இப்பவும் அரிக்குதாக்கா?"

"உசுரு போகுது."

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். தெய்வானையின் மகள் மட்டும் வீட்டுச் சோற்றுத் தூக்குப்போசியோடு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

தெய்வானை தன் விரல்களைப் பார்த்தாள்.

வாளி காலடியிலேயே இருந்தது. பக்கத்தில் சோப்பும் இருந்தது.

எல்லோரும் தெய்வானையின் கையையே பார்த்தார்கள்.

அவள் வாளியைத் தாண்டிப் போனாள். அண்டாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். திண்டில் தட்டினாள். அதே கையால் தோடு உரித்தாள். மகளின் போசி மூடியில் வைத்தாள்.

"தின்னு, சாமி."

சிறுமி அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடித்தாள்.

நீட்டிய கைகளை இவள் அப்போதுதான் மடக்கினாள்.

சொறிந்தாள். நன்றாக, எல்லோரும் பார்க்க.