அசையாத ஊஞ்சல்

துணிக்கடையின் இணையப் பக்கத்துக்குப் பரிதி வரைந்த ஊஞ்சல் பதினோரு போன்களில், எல்லாப் பிரவுசரிலும் ஆடியது. பன்னிரண்டாவதில் மட்டும் ஆணி அடித்ததுபோல் நின்றது. சோதித்துப் பார்க்க வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த, மனைவி கோமளாவின் போன் அது. பிழை என்று குறித்தான்.

பக்கத்து இருக்கை ரெஜினா வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "பிழையெல்லாம் இல்ல பாஸ். செட்டிங்ஸ்ல அசைவைக் குறைச்சு வச்சிருக்காங்க. ஆடுறதப் பாத்தா தலை சுத்துறவங்க வைக்கிறது."

ஒரு மாதமாகக் கோமளா சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். "சுவரு விழுந்துடும்னு பிடிச்சுக்கிறியா?" என்று காலையில்கூடக் கேலி செய்திருந்தான்.

மாலை அவளிடம் போனை நீட்டினான். "எத்தனை நாளா கோமு?"

"எது?" என்றபடி ஒரு கையை நீட்டினாள். இன்னொரு கை சுவரிலேயே இருந்தது.