பழகிய முதுகு

1976. முப்பது வயதில் பிரிஜட்டுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஜப்பானியக் கடை. வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் இடுப்பை வளைத்துக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டுமாம். ஆங் மோ கியோ வீட்டில், கண்ணாடி முன் நின்று குனிந்து பழகினாள்.

முதுகில் பொளேரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா பிலோமினம்மாள்.

“எவனுக்கும் குனியாதடி!”

“சம்பளத்துக்குக் குனியறேன் லா. அப்பாவை ஜப்பான்காரன் கொன்னான்னு இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கோபம்?”

“ஜப்பான்காரனா? அவன் ஒரு அடிகூட அடிச்சதில்ல. அவன் ஆட்சியில, முச்சந்தியில நிக்கிற சிப்பாய்க்கு உங்கப்பா தினமும் ஒழுங்கா குனிஞ்சுட்டுத்தான் போவாரு.”

“அப்புறம்?”

“ஜப்பான் தோத்துடுச்சு, விடுதலைன்னு மலாயாவுல எங்க ஜொகூரே கூத்தாடுச்சு. நீ வயித்துல. எனக்கு மிட்டாய் வாங்கப் போனாரு. அதுக்குள்ள காட்டுல இருந்து ஜப்பானோட சண்டை போட்ட கொரில்லாக்காரங்க எங்க ஊரைப் பிடிச்சிருந்தாங்க. அதே முச்சந்தியில அவங்க ஆளு ஒருத்தன் துப்பாக்கியோட நின்னான்.”

“சண்டை போட்டாரா?”

“பழக்கதோஷத்துல அவனுக்கும் குனிஞ்சாரு. ஜப்பான் கைக்கூலின்னு, நிமிர்றதுக்குள்ள சுட்டுட்டான்.”